பால் வண்டி மறைத்த ஐந்து எழுத்துகள்

கடைச் சுவர்களில் கையால் எழுதிய பழைய எழுத்துகளைப் பெரிய கேன்வாஸில் தீட்டுவது என் தொழில். ஐந்து வருடம் முன்பு சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகும்போது, ஆந்திர எல்லை தாண்டி, தமிழும் புழங்கும் நாராயணவனத்தில் ஒரு தையல்கடைச் சுவரைப் பார்த்தேன். 'ஜெயம்' என்று பச்சை எழுத்து, மஞ்சள் நிழல். 'ம்' மேலிருந்த புள்ளியை நான்கு ஓட்டை போட்ட சட்டைப் பொத்தானாக வரைந்திருந்தார்கள். அடுத்து 'டெய்லர்ஸ்' என்றுதான் இருக்க வேண்டும். அதை மறைத்துக்கொண்டு ஒரு பால் வண்டி நின்றது. ஒரே ஒரு படம் எடுத்தேன், பஸ் கிளம்பிவிட்டது.

அந்தப் பாதிச் சுவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 'ஜெயம்' மட்டும் ஆறடி அகலத்துக்குத் தீட்டி முடித்து, பக்கத்தில் ஆறடி வெள்ளையாக விட்டு வைத்திருந்தேன். நீயே கற்பனை செய்து எழுதேன் என்றார்கள் நண்பர்கள். முடியவில்லை. ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார், அதைப் பார்க்காமல் நான் எதை எழுத? இப்போது கண்காட்சிக்குத் தேதி குறித்துவிட்டதால், போன மாதம் கிளம்பினேன்.

படத்தில் 'ஜெயம்' கீழே ஒரு செல் நம்பர் தெரிந்தது. ஒரு வாரம் முன்பே போன் செய்து, "உங்கள் கடைச் சுவரைப் படம் பிடிக்க வருகிறேன், சென்னையில் கண்காட்சி" என்று பெருமையாகச் சொன்னேன். செய்த முட்டாள்தனம் அதுதான்.

சென்ட்ரலில் காலை ரயில், 75 ரூபாய். 8.50க்குப் புத்தூர். எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட வரும் ஊர், நான் முழு உடம்போடு இறங்கினேன். இட்லி, காபி 55 ரூபாய். அங்கிருந்து நாராயணவனம் ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

"கோயிலுக்கா மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லை, டெய்லர் கடைக்கு."

"மெட்ராஸ்ல டெய்லரே இல்லியா?"

சிரித்துக்கொண்டே இறங்கினேன். சுவரைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பளபளவென்று ரோஸ் நிறம், நட்ட நடுவே கட்டம் கட்டமாக நீல எழுத்தில் 'ஜெயம் டெய்லர்ஸ்'. பெயிண்ட் வாசனை கூடப் போகவில்லை.

கடைக்காரர் தாமோதரம் கழுத்தில் இன்ச் டேப்போடு ஓடி வந்தார். "மேடம் வர்றாங்கன்னு சொல்லி மூணு நாளா வேல நடந்துகினு இருந்துச்சி. அழுக்குச் சொவத்த எப்டி போட்டோ எடுக்க வுடறது? எழுத்தப் பாருங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சா மாதிரியே இல்ல?"

நன்றாக இருக்கிறது என்று எப்படியோ சொன்னேன். பிறகு, பழைய எழுத்து எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்தார். தினமும் பார்த்ததுதான், ஞாபகம் வரவில்லை.

"ஏமே, எழுத்து முடியற எடத்துல இன்னா படம் இருந்துச்சி? ஊசி தான?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

அவர் மனைவி கஸ்தூரி எட்டிப் பார்த்தார். "ஊசியா? கத்திரிக்கோலு. நீ என்னிக்குத் தல தூக்கிப் பாத்த? தெனம் எதுர்ல நின்னு கோலம் போடறது நானு."

அவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிச் சுவரைத் தடவினேன். எண்ணெய்ப் பெயிண்டு மேலே மேலே பூசினால் எழுத்தின் விளிம்பு தடித்துவிடும், புது வண்ணத்துக்கு அடியிலும் கைக்குத் தெரியும். 'ல' இருந்த இடத்தில் அந்த விளிம்பு விரலுக்குக் கிடைத்தது. தாராளமான ஒரு வளைவு, அதன் வாலிலிருந்து நூல் போல மெல்லிய கோடு ஒன்று வலப்பக்கம் ஓடியது. ஒரு சாண் தாண்டியதும் வழவழப்பு. அதற்குமேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப அங்கேயே தடவினேன்.

"ஒங்க படத்துல இத வரைவீங்களா மேடம்?" என்றார் தாமோதரம். குரலில் அத்தனை ஆசை. எனக்காக இதுவரை யாரும் ஒரு சுவருக்கு வண்ணம் அடித்ததில்லை. வரைகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுத்து பார்க்கப் போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் போனால் வெயில் சுவரில் சாய்வாக விழும். புத்தூரிலிருந்து சித்தூர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அங்கே கடைத்தெருவில் பழைய எழுத்துகள் இன்னும் உண்டு. திருப்பதி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். கூட்டம் குறைந்த வாரநாளில் போங்கள். முக்கியமாக, முன்கூட்டிப் போன் செய்யாதீர்கள்.

கண்காட்சிக்குத் தாமோதரமும் கஸ்தூரியும் வருகிறார்களாம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வெள்ளையாக விட்ட ஆறடியில் அந்தக் கட்டம் கட்டமான நீல எழுத்தைத்தான் தீட்டிக்கொண்டிருக்கிறேன். 'ல' வரும்போது மட்டும் கை தானாக வளைந்துவிடுகிறது. துடைத்துவிட்டு, நேராக்குகிறேன்.