மலையில் ரிப்பன் கட்டியவன்

புதுச்சேரி சாரத்து ஹரிகிருஷ்ணனை ஓட வைத்தது டாக்டர் இல்லை, வெட்கம். மில் மூடிய பிறகு அவன் குடித்தான். கணக்கு வழக்கில்லாமல் குடித்தான். புதுச்சேரியில் பிறந்தவன் குடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். தெருவுக்குத் தெரு கடையைத் திறந்து வைத்துவிட்டு, குடிப்பவனை மட்டும் நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிற ஊர் இது. ஒரு நாள் விடிகாலையில் பீச் ரோட்டில், காந்தி சிலைக்குப் பக்கத்துக் கட்டைச்சுவரோரம் கைலி விலகிக் கிடந்தவனை, ஓடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. அதில் பாரதி என்ற பெண் மட்டும் நின்று, தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தண்ணீர் வைத்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் அதே கூட்டத்துக்குப் பின்னால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாய் துரத்தியவன் மாதிரி மூச்சிரைக்க ஓடினான். குடியையும் அன்றோடு விட்டான்.

அவன் மனைவி அன்னக்கிளி நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மகள் தலையிலடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். ஐயப்பனுக்கு மாலைகூடப் போட்டிருக்கிறான். எல்லாம் கொஞ்ச நாள் கூத்து. அதனால் ஓட்டக்காரன் ஆன பிறகும் அவனுக்கு வாசலில் ஒரு பரீட்சை இருந்தது. கிடைத்த கூலி வேலை முடிந்து வருகிறவனை நிலைப்படிக்கு வெளியிலேயே நிறுத்துவாள்.

"ஊது."

அவன் குனிந்து அவள் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டுவான். வாசனை பார்த்த பிறகுதான் உள்ளே வழிவிடுவாள். வருஷங்கள் ஓடின. அவன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனாலும் அவள் கேட்பதை விடவில்லை, அவனும் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. பிற்பாடு அது பாதி விளையாட்டாகிவிட்டது. அவள் கேட்பதற்கு முன்பே, பிறந்தநாள் கேக்கின் மெழுகுவர்த்தியை அணைப்பவன் மாதிரி உப்பென்று ஊதிவிட்டு உள்ளே போவான். பாதி விளையாட்டு என்றுதான் சொன்னேன். மீதிப் பாதி அவள் நெஞ்சுக்குள் பயமாகவே இருந்தது.

பாரதியின் கூட்டம் வருஷத்துக்கு ஒரு முறை கல்வராயன் மலையில் ஒரு காட்டு ஓட்டம் நடத்தும். மேட்டிலும் சரிவிலும், மூங்கில் புதருக்கும் நெல்லி மரத்துக்கும் நடுவே போகிற ஒற்றையடிப் பாதை அது. அங்கே போர்டும் கிடையாது, வழி கேட்க ஆளும் கிடையாது. ஆட்டுக்காரர்கள் போட்ட தடம் நூறு பக்கம் பிரியும். அதனால் ஓட்டத்துக்கு முதல் நாள் யாராவது பாதை முழுக்க நடந்து, கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஓட்டம் முடிந்ததும், கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து அத்தனையையும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட வேண்டும். காட்டில் ஒரு துண்டுகூட மிஞ்சக்கூடாது என்பது வனத்துறை போட்ட கட்டுப்பாடு. வேகமாக ஓட வராத ஹரிகிருஷ்ணன் ரிப்பன் கட்டும் வேலையை எடுத்துக்கொண்டான்.

முதல் வருஷம் எல்லோரையும் போலக் கடுமுடிச்சுப் போட்டான். அவிழ்க்க முடியாமல் பிளேடால் அறுத்தார்கள். முனைகள் கிளையிலேயே தங்கிவிட்டன. அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்னக்கிளி கோயில் வாசலில் பூ விற்பவள். ஒரு சாயங்காலம் அவள் முல்லை கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"அந்தச் சுருக்க எனக்குக் கத்துக்குடு."

"எதுக்கு? கோயில் வாசல்ல எனக்குப் போட்டியா கட போடப் போறியா?"

"ரிப்பனுக்குடி. பூவ உருவுனா உன் நாரு தானா அவுந்துக்குதுல்ல, அது மாதிரி வேணும்."

மில் வேலை பார்த்த தடித்த விரல்கள். கண்ணி நிற்கவே இல்லை. நார் நழுவும்போதெல்லாம் அவள் அந்த விரல்களில் ஓர் அடி போட்டாள். ஒரு வாரம் இரண்டு பேரும் ரிப்பனை ஜன்னல் கம்பியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். கிளையில் இரண்டு சுற்று, நடுவில் ஒரு கண்ணி. காற்றுக்கு அசையாது, வாலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அவர்கள் குடும்பம் நடத்திய காலத்தில் அந்த ஒரு வாரத்துக்கு ஈடாக அவளுக்கு வேறெதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் கடுமுடிச்சே போட்டதில்லை. மூட்டை கட்டினால்கூடப் பூ முடிச்சுதான்.

போன வருஷம் அந்த மலையில்தான் செத்துப்போனான்.

ரிப்பன் கட்டப் போனவன் பொழுது சாயும் நேரமாகியும் முகாமுக்குத் திரும்பவில்லை. மலைக்காரர்கள்தான் பார்த்துத் தூக்கி வந்தார்கள். ஓட்டப் பாதையில் இல்லை. அதிலிருந்து பிரிந்து கீழே ஓர் ஊருக்கு இறங்குகிற தடத்தில், ஒரு பலா மரத்தடிப் பாறையில் சாய்ந்து கிடந்தானாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பாரதிதான் அன்னக்கிளிக்குப் போன் செய்து, அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அதைக் கேட்டதும் அன்னக்கிளியின் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்:

"குடிச்சிருந்தாரா?"

பாரதி பதில் சொல்லவில்லை. அழுகை மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை அன்னக்கிளி ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

நெஞ்சு நின்றுபோனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எதனால் நின்றது என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. சாவுக்கு வந்த சொந்தங்களுக்கோ கேட்கவே வேண்டியதில்லை. "கட்ற வேலைய வுட்டுட்டு அந்த ஊருப் பக்கம் எதுக்கு எறங்குனானாம்? அங்க காய்ச்சுறாங்களாம்ல?" என்று பந்தலிலேயே பேசினார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது! ஆனால் அன்னக்கிளி யாரையும் அதட்டவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மேல் இருந்த பொருள்களை ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் பையில் போட்டு, வாயைக் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கும்போதே உள்ளே உருண்டையாக, கெட்டியாக ஒன்று அவள் கையில் இடித்தது. பாட்டில். தண்ணீர் பாட்டிலாகவும் இருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். வாசலில் நிறுத்தி வாசனை பார்த்தே பழகியவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பையைத் திறக்காமலே பரணில் போட்டாள். திறந்தால் அவன் விட்டதெல்லாம் பொய்யாகிவிடும், சேர்ந்து முடிச்சுக் கட்டிய அந்த ஒரு வாரமும் பொய்யாகிவிடும். அவளிடம் மிச்சமிருந்ததே அதுதான்.

இந்த வருஷ ஓட்டத்துக்குப் பாரதி வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள். அன்னக்கிளி அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். அவன் விழுந்த இடத்திலேயே அதைத் திறக்காமல் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஓட்டம் முடிந்து, ரிப்பன் அவிழ்க்கப் போனவர்களோடு அவளும் நடந்தாள். தடம் பிரிகிற இடத்தில் பாரதி அவளை மட்டும் கீழே அழைத்துப் போனாள். போன வருஷத்துக்குப் பிறகு கூட்டத்தில் யாரும் அந்தப் பக்கம் இறங்கியதில்லை. பலா மரமும் பாறையும் சொன்னபடியே இருந்தன. அன்னக்கிளி பாறையைத் தடவிப் பார்த்தாள். பிறகு பையை அதன்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அக்கா, பை."

"இங்கயே கெடக்கட்டும்மா."

"இங்க எதையும் வுட்டுட்டுப் போகக்கூடாதுக்கா. அண்ணனுக்கே அது புடிக்காது."

அன்னக்கிளி நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப நீயே தொறந்து பாரு. சரக்கு பாட்டிலு இருந்தா எங்கிட்ட சொல்லாத. நீயே எடுத்துட்டுப் போயி எங்கியாவது போட்டுடு."

பாரதி பையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பாறைமேல் வைத்தாள். சட்டை. ஒரு பிளேடு. சொட்டை விழுந்த பழைய தண்ணீர் பாட்டில். அதைப் பார்த்ததும் பாரதி வாயைப் பொத்திக்கொண்டாள். பீச் ரோட்டில் அவன் தலைமாட்டில் அவள் வைத்துவிட்டுப் போன பாட்டில். கடைசியாகக் கைநிறைய ஆரஞ்சு ரிப்பன்.

"வேற ஒன்னும் இல்லக்கா. கட்டாம மிச்சம் வச்சிருந்த ரிப்பன்தான்."

அன்னக்கிளி திரும்பி வந்து அதில் ஒன்றை எடுத்தாள். கட்டாத ரிப்பன் இல்லை. ஒவ்வொன்றிலும் இறுகிப்போன ஒரு முடிச்சு, பக்கத்தில் பிளேடால் அறுத்த தடம்.

"இது அவரு கட்டுனது இல்ல. கடுமுடிச்சு."

நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் இறங்கி வந்த வழியில் ஒரு கிளையிலும் ரிப்பன் இல்லை. பாறைக்குக் கீழே, தடம் வளைகிற இடம் வரைக்கும், வெளுத்துப்போன ஆரஞ்சு ரிப்பன்கள் வரிசையாகத் தொங்கின. அத்தனையும் கடுமுடிச்சு. பாரதிக்கு அப்போதுதான் விளங்கியது. போன வருஷம் அவர்களுக்கு முன்னால் வேறு யாரோ இங்கே ஓட்டம் நடத்திவிட்டு, ரிப்பனை அவிழ்க்காமல் போயிருக்கிறார்கள். அதே நிறம். பிரிகிற இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டு தடத்திலும் ரிப்பன் தெரியும்.

"நம்ம புள்ளைங்க தப்பா எறங்கிடுவாங்கன்னு அறுத்துக்கிட்டே வந்திருக்காருக்கா. இந்த எடம் வரைக்கும்."

அன்னக்கிளி அவன் சட்டையை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டாள். வாசலில் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே, மூச்சை இழுத்துப் பார்த்தாள். காய்ந்த வேர்வையும் துணி சோப்பும். வேறெதுவும் இல்லை. ஒரு வருஷம் அந்தச் சட்டை அவள் தலைக்கு மேலே பரணில் கிடந்தது. அந்த வருஷம் முழுக்க அவள் அவனைக் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு, கீழே பாய் விரித்துத் தூங்கியிருக்கிறாள்.

அந்தப் பாறையில் சாய்ந்து அழுதாள். அது போதாது. அவள் வாழ்நாள் முழுக்க அழுதாலும் போதாது. பிறகு பிளேடை எடுத்துக்கொண்டு பாறைக்குக் கீழே இறங்கினாள். அவன் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு முடிச்சாக அறுத்து, ஒரு துண்டு விடாமல் மஞ்சள் பையில் போட்டாள். எட்டாத கிளைகளைப் பாரதி வளைத்துப் பிடித்தாள். கடைசி ரிப்பனை அறுத்த பிறகு அன்னக்கிளி அவள் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் போன்ல ஒன்னு கேட்டனே, பாரதி."

"ம்."

"அப்ப அவரு உன் பக்கத்துலதான் கெடந்தாரா? அவரு காதுல வுழுந்திருக்குமா?"

பாரதி அப்போதும் பதில் சொல்லவில்லை.