கட்டைகளில் குறைந்த மூன்று மில்லிமீட்டர்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அதனால் முதலில் என் பிழையை எழுதிவிடுகிறேன்.

பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தெல்தோட்டைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் முன்பள்ளிக்கு மொண்டிசோரி கணக்குப் பொருட்கள் செய்து தருவதாக நானாகத்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பட்டியல் போட்டேன்: எண் கட்டைகள் பத்து, கம்பியில் கோர்த்த மணிகள், சாண்ட்பேப்பரில் வெட்டி ஒட்டிய இலக்கங்கள், குச்சிப் பெட்டி. முதலில் கட்டைகளைச் செய்து கொடுத்தேன்.

எண் கட்டை எளிமையான சாமான். ஒன்றாம் கட்டை பத்து சென்ரிமீட்டர், இரண்டாவது இருபது, இப்படியே பத்தாவது ஒரு மீட்டர். சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பூச வேண்டும். ஆறாம் கட்டையையும் நாலாம் கட்டையையும் முனையோடு முனை சேர்த்தால் பத்தாம் கட்டையின் நீளம் வரவேண்டும். பிள்ளை கூட்டலைக் கையால் தொட்டுப் பார்க்கிறது. அதற்காகத்தான் அந்தக் கட்டைகள்.

பலகை வீணாகக் கூடாது என்று ஒரு மீட்டர் மரச் சட்டத்தில் அறுபது சென்ரிமீட்டரில் கோடு போட்டு அறுத்தேன். ஆறும் நாலும் ஒரே சட்டத்திலிருந்து வந்தன. ஏழும் மூன்றும், எட்டும் இரண்டும், ஒன்பதும் ஒன்றும் அப்படியே. அறுக்கும்போது வாள் தின்றுவிடும் மூன்று மில்லிமீட்டரை நான் கணக்கில் எடுக்கவில்லை. வேலையில் யாராவது இதைச் செய்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிறவள் நான். வீட்டில் அளந்துகூடப் பார்க்கவில்லை. பெயின்ட் அழகாக வந்திருந்தது. அதைப் படம் பிடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மணிகளைக் கொடுக்க லீவு போட்டுப் போனேன். பிள்ளைகள் பாய்களில் கட்டைகளோடு இருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் சுவரோரம் தனிப் பாயில், கையில் எதுவுமில்லாமல் இருந்தாள்.

“அவளுக்கு என்ன டீச்சர்?”

“அத ஏன் கேக்குறீங்க மிஸ். எல்லாம் ஆறும் நாலும் பத்துன்னு சொல்லுதுங்க. இது மட்டும் இல்லங்குது. சொல்லிக் குடுத்துப் பாத்தாச்சு. பத்துன்னு சொல்ற வரைக்கும் அங்கேயே குந்துன்னு மூணு நாளா வச்சிருக்கேன்.”

நான் அவளருகே போய் உட்கார்ந்தேன். “ஏம்மா இல்லன்னு சொன்ன?”

“கொஞ்சம் காணாது,” என்றாள். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டாமல் ஒட்டி, எவ்வளவு என்று காட்டினாள்.

கட்டைகளை எடுத்து வைத்தேன். பத்தாவதின் முனை நீட்டிக்கொண்டு நின்றது. அடிமட்டத்தை வைத்து இடைவெளியை அளந்தேன். மூன்று மில்லிமீட்டர்.

“டீச்சர், புள்ள சொன்னது சரி. நான்தான் பிழையா வெட்டியிருக்கேன்.”

டீச்சர் சிரித்தார். “இவ்ளோதானா? இதுல என்ன மிஸ் வரப்போகுது. சின்னப் புள்ளைங்களுக்கு என்ன தெரியும்?”

“தெரிஞ்சிருக்கே.”

“அதுக்காக டீச்சர எதுத்துப் பேசுறதா?”

மேசையில் அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் அறிக்கைகள் இருந்தன. புதுப் பள்ளிக்கூடத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். அவளுடையதில் எழுதியிருந்தது: எண் அறிவு போதாது. பிடிவாதம் அதிகம்.

திருத்தச் சொன்னேன்.

“நேத்துத்தான் ஒபிசர் கையெழுத்து வச்சாரு. இனி வெட்டித் திருத்த ஏலாது மிஸ்.”

நான் குரலை உயர்த்துகிறவள் அல்ல. என் கோபம் வரிசையாகத்தான் வரும். ஒன்று, பிழையாக வெட்டியவள் நான், தண்டனை அவளுக்கு. இரண்டு, மற்றப் பிள்ளைகளும் அந்த இடைவெளியைப் பார்த்திருப்பார்கள். பார்த்துக்கொண்டே பத்து என்று சொல்லப் பழகிவிட்டார்கள். மூன்றாவதை யோசிப்பதற்குள் பிள்ளையைக் கூட்டிப்போக அவளுடைய அம்மா வந்துவிட்டார். கொழுந்து எடுத்த இடத்திலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. நாங்கள் இருவரும் நிற்பதைப் பார்த்ததும் என்னிடம் சொன்னார்:

“மன்னிச்சிருங்க மிஸ். அவ அப்பிடித்தான், திமிரு புடிச்சவ. ரெண்டு போடுங்க.”

நடந்ததைச் சொன்னேன். “பரவாயில்லங்க மிஸ்,” என்றார், தலையைக் குனிந்தபடி. அந்தப் பரவாயில்லைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அறிக்கையை எடுத்து, கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: கட்டைகள் மூன்று மில்லிமீட்டர் குறைவாக வெட்டப்பட்டவை. பிள்ளை அதைக் கண்டுபிடித்தாள். அவள் சொன்னதே சரி. என் பெயரையும் பதவியையும் போட்டேன்.

“ஐயோ மிஸ், எனக்குத்தானே ஏச்சு விழும்!”

“விழட்டும் டீச்சர்.”

“என்னங்க எழுதுனீங்க?” என்று அம்மா கேட்டார். வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“அப்ப எதுக்கு டீச்சர் எம்புள்ளய மூணு நாளா செவுத்தோரம் குந்த வச்சீங்க?”

டீச்சர் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

“கேக்குறேன்ல?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டித் தடுத்தார்.

“நீங்க இருங்க மிஸ். அவங்க சொல்லட்டும்.”