மூன்றாம் மாடியில் ஆறு பேருக்கான மேசை

1995ஆம் ஆண்டு, குளிர்காலத் தொடக்கம். ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் நான் புதிதாகக் குடிவந்திருந்த அடுக்ககத்தில் மின்தூக்கி பழுதாகியிருந்தது. ஆறாம் தளம்வரை படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்ற பெண்மணி என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“ஏம்மா, நீ கோழிக்கால் சாப்பிடுவியா?”

“சாப்பிடுவேன்.”

“இறால்?”

“அதுவும்தான். ஏன் கேக்குறீங்க?”

“தேநீர்க் கடையில ஒரு மூங்கில் கூடையில நாலு வைக்கிறான். நான் ஒத்த ஆளு. ரெண்டு கூடைக்கு மேல வயித்துல எடமில்ல. ரெண்டே கூடையத் தின்னுட்டு ஒரு கடை நல்லதா கெட்டதான்னு எப்படிச் சொல்றது?”

மோக் சௌ-ஹிங் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். அவருக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. படகுத்துறையில் வேலை பார்த்த கணவர் இறந்த பிறகு, பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையில் இதழ் ஒட்டியே ஒற்றை மகனைப் படிக்கவைத்தவர். மகன் செக்-லாம் டொராண்டோவுக்குப் போய் ஏழாண்டுகள் ஆகியிருந்தன. வரும் சீனப் புத்தாண்டுக்கு அவன் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வருகிறான். அவர்கள் தங்கப்போவது மனைவியின் வீட்டில். அம்மாவோடு ஒரு வேளைச் சாப்பாடு என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வேளைக்குத்தான் மோக் அக்கா கடை தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் காலையில் இருவரும் புறப்பட்டோம். முதலில் சந்தைக்கு மேலே இருந்த கடை. அக்கா தம் கோப்பையில் தாமே தேநீர் ஊற்றிக்கொண்டு, இரண்டு விரல்களால் மேசையைத் தட்டினார். பிறர் ஊற்றினால்தானே நாம் அப்படித் தட்டி நன்றி சொல்வோம்?

“யாருக்கு அக்கா நன்றி சொல்றீங்க?”

“ஊத்துன கைக்கு. வேற யாரு இருக்கா?”

அந்தக் கடையில் இறால் கொழுக்கட்டையின் தோல் கண்ணாடி போல இருந்தது. ஆனால், தள்ளுவண்டி எங்கள் மூலைக்கு வந்து சேர்வதற்குள் ஆவி அடங்கிவிட்டது. ரயிலடிக் கடையில் இறால் பெரியது; தோலோ காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. அரிசி மாவுச் சுருள் மட்டும் அங்கே வெண்ணெயாக வழுக்கியது. அதை நான் புகழ்ந்துகொண்டிருந்தபோதே, பரிமாறுபவர் என் கோப்பையை எடுத்துப் போய்விட்டார்.

“ஏன்டாப்பா, அவ இன்னும் முழுங்கக்கூட இல்ல. தட்டோட சேத்து அவளையும் கழுவ எடுத்துட்டுப் போயிடாத” என்றார் அக்கா.

மூன்றாம் மாடிக் கடையில் எல்லாமே நடுத்தரம்தான். கோழிக்காலில் இனிப்பு தூக்கலாக இருந்தது. பன்றி இறைச்சிப் பன்னில் மாவு அதிகம். ஆனால், காலியான கூடைகளுக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தும் எங்களை எவரும் எழுப்பவில்லை. தேநீர்க் குடுவையின் மூடியைத் திறந்து வைத்தபோதெல்லாம் கேட்காமலே வெந்நீர் வந்தது.

“இந்தக் கடைதான்” என்றார் அக்கா.

“பன் நல்லாவே இல்லியே அக்கா.”

“பன்ன யாரு பார்த்தா? என் மகன் வாயத் தொறக்கவே அரைமணி நேரம் ஆகும். சின்ன வயசுலேயே அப்படித்தான். ரயிலடிக் கடையில அவன் பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள பில்லு வந்துடும்.”

கொழுக்கட்டைகளை ஒப்பிடவே என்னை அழைத்துப்போவதாக அதுவரை நினைத்திருந்தேன்.

மேசைக்குச் சொல்லிவைக்க அவர் தனியாகவே போனார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. புத்தாண்டு நாள்களில் ஓரிடமும் இல்லையாம். யாரோ ஒருவர் விலகியதால் இரண்டாம் நாள் நண்பகலுக்கு ஆறு பேர் மேசை ஒன்று கிடைத்துவிட்டதாம். ஆறாவது நாற்காலி எனக்கு. நான் வாயெடுப்பதற்குள் அவர் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. மகன்தான். பேசிவிட்டு வந்து, என் வீட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

“ரெண்டாம் நாள் பொண்டாட்டியோட அம்மா வீட்டுலதான் சாப்பிடணுமாம். கட்டிக்கொடுத்த பொண்ணுங்க தாய்வீட்டுக்குப் போற நாளாச்சே. ஊருக்கே தெரிஞ்சது எனக்கு மறந்துபோச்சு பாரு.”

மறக்காமல் என்ன செய்வார்? அவருடைய தாய் அவர் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். வருவதற்கு ஒரு மகளும் இல்லை. போக வீடும் வர ஆளும் இல்லாதவருக்குப் புத்தாண்டின் இரண்டாம் நாள், துணி துவைக்கிற இன்னொரு நாள்தான்.

“மூணாம் நாள் மாத்திக்கலாமே?”

“மூணாம் நாள் யாரையும் பார்க்கப் போகக் கூடாது, சண்டை வரும்னு சம்பந்தியம்மா சொல்றாளாம். சண்டை போடவாவது அவன் வரட்டுமே. நாலாம் நாள் காலையில விமானம். போற வழியில எட்டிப் பார்க்கிறானாம்.”

அன்று அவர் அழவில்லை. ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, அதில் பாதியை என்னிடம் நீட்டினார்.

“உன் மக அன்னைக்கு உன்னைப் பார்க்க வருவால்ல? புருஷன், புள்ளைங்க எல்லாரும்?”

“வருவாங்க.”

“அப்ப ஆறு பேரு சரியா இருக்கும்.”

இரண்டாம் நாள் சிவப்புக் கம்பளிச் சட்டை அணிந்து, எங்களுக்கு முன்பே போய் அமர்ந்திருந்தார். என் மகள் லோக்-யிங்கும், மருமகனும், பேரன்கள் இருவரும் உட்கார்ந்ததும் கடை மேலாளர் வந்து வாழ்த்தினார். மருமகனைப் பார்த்துச் சிரித்தார்.

“கனடா மகனா? அம்மா ஜாடை அப்படியே இருக்கே.”

“மூக்கு மட்டும் அவங்க அப்பாவோடது” என்றார் அக்கா.

மருமகன் என்னைப் பார்த்தார். அவர் எழுந்து அக்காவின் கோப்பையில் தேநீர் ஊற்றினார். அவரும் அதிகம் பேசாதவர். கூடைகள் காலியாகி வெகுநேரம் கழித்துத்தான், தாம் ஓட்டும் பேருந்தைப் பற்றியும், ஓய்வு நாளில்கூட அதே தடத்தில் பயணியாக ஏறிச் சுற்றிவரும் முதிய ஓட்டுநர் ஒருவரைப் பற்றியும் பேசத் தொடங்கினார். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் செக்-லாம் வந்தான். கீழே வாடகை வண்டி காத்திருந்தது. குழந்தைகள் அதில் உறங்குவதாகச் சொன்னான். உட்காராமலே கிளம்பிவிட்டான். அக்கா அவனோடு படியிறங்கிப் போய், வண்டிக் கண்ணாடி வழியாகப் பேத்திகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஏப்ரலில் ஒரு காலை அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. பத்து நாள்களில் இறந்தார். பக்கவாதம் வந்ததற்கு முந்தைய மாலையில்தான், நடைவழியில் துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

“அடுத்த வருஷமும் உன் மக ரெண்டாம் நாள்தானே வருவா? இப்பவே சொல்லி வெச்சாத்தான் மேசை கிடைக்கும். மருமகனும் வருவாரான்னு கேட்டுச் சொல்லும்மா.”