நவம்பர் ஆறாம் தேதி அட்டை

எங்கள் வானொலி நிலையத்தின் இசைத்தட்டு அறையில் இருந்த அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேதியக்கா என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார், பிப்ரவரி இருபத்தொன்பதையும் விடாமல். அந்தத் தேதியில் எந்தப் பாட்டு பதிவானது, எந்தப் பாடகி பிறந்தார், எந்தக் குழு சண்டை போட்டுப் பிரிந்தது, எல்லாம் அதில் இருக்கும். காலை ஏழரைக்கு அதைப் பார்த்து ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, அறிவாளி என்று ஊரில் பெயர் வாங்கிக்கொண்டவன் நான்.

அட்டையில் இரண்டு வகை எழுத்து. அச்சில் இரண்டு இடத்தில் பார்த்த செய்தி என்றால் மை. மற்றதெல்லாம் பென்சில். மையில் இருப்பதை மட்டும்தான் நான் வாசிக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ சொன்னதை நம்பி, ஒரு டிரம் வாசிப்பவரை அக்கா அட்டையில் சாகடித்துவிட்டாராம்; அது ரேடியோவிலும் போய்விட்டதாம். அவரே போன் செய்து, "நான் பல் தேய்ச்சிட்டிருக்கேம்மா, இதைக் கேட்டதும் நுரையை முழுங்கிட்டேன்" என்றாராம். அன்று இந்த மை விதியைப் பிடித்தவர்தான், உடும்புப்பிடி.

நவம்பர் ஆறாம் தேதி அட்டையின் அடியில் ஒரு பென்சில் வரி இருந்தது. ஊரே முணுமுணுக்கும் ஒரு காதல் பாட்டு அன்றுதான் பதிவானது, அது மையில். அதன் தொடக்கத்தில் வரும் கிளாரினெட்டை வாசித்தவர் இன்னார் என்பது பென்சிலில். அந்த இன்னார் அக்காவின் கணவர். பதினோரு விநாடி வாசிப்பு. இசைத்தட்டின் உறையில் பாடகர் பெயரும் பேண்ட் மாஸ்டர் பெயரும்தான் போட்டிருந்தார்கள். மாஸ்டரும் எங்கேயும் அவரைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு நவம்பர் ஆறும் குளித்து, சட்டை மாற்றி, ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். மூச்சிரைப்பு வந்து கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகும் அது நிற்கவில்லை. ஒருமுறை அக்கா மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, இந்த வருஷமாவது வாய் தவறுன மாதிரி என் பேரைச் சொல்லிடேன்."

"அக்கா என்னை உயிரோட விடமாட்டாங்க அத்தான்."

"உன்னை மட்டுமா? எனக்கும் சோறு கிடைக்காது." சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அக்காவிடமே கேட்டுப் பார்த்தேன்.

"அவர் வாசிச்சது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டவளே நான்தான். ஆனா வேற ஒருத்தர் பொண்டாட்டி வந்து இப்படிச் சொன்னா, நான் மையில எழுதுவேனா?"

அந்த வரியை வாசிக்க மூன்று விநாடி போதும். ஒன்பது வருடம் அந்த மூன்று விநாடிக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

பத்தாவது வருடம், அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி, அத்தான் போய்விட்டார். மறுநாள் இரண்டு பத்திரிகைகளில் நாலு நாலு வரி வந்தது: அந்தப் பாட்டின் கிளாரினெட்டை வாசித்தவர் காலமானார். அவர் உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்காத மாஸ்டர், இப்போது இரண்டு பத்திரிகைக்கும் தாராளமாகப் பேசியிருந்தார்.

நவம்பர் ஆறு காலை அக்கா அட்டையை நீட்டினார். கடைசி வரி மையில் இருந்தது. வாசித்தேன். அந்தப் பதினோரு விநாடியையும் போட்டேன். வெளியே வந்தபோது அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா வாசிச்சே தம்பி." அட்டையை வாங்கி அடுக்கில் செருகிக்கொண்டே, "வீட்ல ரேடியோவைப் போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். வீட்டில் யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி அட்டை என் கைக்கு வந்தது. இரண்டு பத்திரிகைத் துண்டுகளும் பின்னால் ஒழுங்காக ஒட்டியிருந்தன. முன்பக்கம், அத்தான் காலமான வரியை அக்கா பென்சிலில்தான் எழுதியிருந்தார்.

நான் அதை வாசிக்கவில்லை.