ஆமிக்காரருக்குப் பாடப் போனேன்

ஆப்கானிஸ்தானில் இருக்கிற டெனிஷ் படையினருக்குப் பாட வரமுடியுமா என்று கேட்டபோது நாங்கள் மூவரும் யோசிக்காமல் சம்மதித்துவிட்டோம். ஒருத்தி கிற்றார், ஒருத்தி டிரம்ஸ், நான் பாட்டு. அதுவரை டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற கோல்டிங் நகரைச் சுற்றியுள்ள கலியாண வீடுகளிலும் கோடை விழாக்களிலும்தான் பாடியிருந்தோம். மற்ற நாட்களில் எனக்குப் பாலர் பாடசாலையில் வேலை.

அம்மாவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆமி வருகுது என்றால் பின்வேலியால் பாய்ந்து ஓடியவர் அவர். நான் பிறந்தது இங்கே.

"ஆமிக்காரருக்கோ பாடப்போறாய்?" மா பிசைந்த கை அப்படியே நின்றது.

"இது எங்கட நாட்டு ஆமி, அம்மா," என்று சொன்னேன்.

"எந்த நாடெண்டாலும் ஆமி ஆமிதான்."

பிறகு என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் நான் வெளிக்கிடுகிற காலை, ஒரு டின் நிறையப் பயத்தம் உருண்டையைக் கொண்டுவந்து என் பைக்குள் திணித்தார். "அங்க நிக்கிறதுகளும் தாய் பெத்த பிள்ளையள்தானே," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முகாமில் பலகை அடித்து ஒரு மேடை போட்டிருந்தார்கள். வெக்கையில் கிற்றாரின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. முதல் பாட்டின் நடுவிலேயே தூசி தொண்டையை அடைக்க, எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்த ஒருவன் எழும்பி வந்து தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். நான் குடித்து முடிக்கும்வரை படையினரே பாட்டைத் தொடர்ந்தார்கள், ஆளுக்கொரு சுருதியில்.

கச்சேரி முடிந்து டின்னைத் திறந்தபோது தண்ணீர் தந்தவன் வந்தான். ஒன்றைக் கடித்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டான். கோல்டிங் என்றேன்.

"நானும் கோல்டிங்!" என்று கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "என் அம்மாவை ஒருக்கால் போய்ப் பார்ப்பாயா? டெலிபோனில் சுகமாக இருக்கிறேன் என்றால் அவர் நம்புவதில்லை. கண்ணால் கண்ட ஆள் சொன்னால் நம்புவார்."

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். "நானும் வாறன்," என்று கோட்டை எடுத்துப் போட்டார்.

கதவைத் திறந்த அவன் தாயின் முகம் எங்களைக் கண்டதும் வெளிறிப்போனது. படையில் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் தெரியாத ஆட்கள் வந்து நின்றால் எந்தத் தாய்தான் பயப்படமாட்டாள்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்கள் மகன் சுகமாக இருக்கிறார், நான் கண்டேன்," என்று அவசரமாகச் சொன்னேன். அவர் வாசற்படியிலேயே குந்திவிட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல பிள்ளை. நல்லாச் சாப்பிடுறான்," என்றார், தனக்குத் தெரிந்த கொஞ்ச டெனிஷில். அம்மா அவனைக் கண்டதே இல்லை.

நான் இருமினதையும் அவர்கள் பாடினதையும் சொன்னபோது அந்தத் தாய் அழுதுகொண்டே சிரித்தார். "அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சுருதி வராது."

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் இரண்டு தாய்மாரும் கடற்கரை ஓரமாக நடக்கப் போவார்கள். அவ்வளவு குறைந்த டெனிஷில் என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டால், "பிள்ளையளைப் பற்றித்தான், வேற என்ன?" என்பார் அம்மா.

இலைகள் பழுக்கத் தொடங்கியபோது அவன் வந்து சேர்ந்தான். எங்களையும் விருந்துக்கு அழைத்தார்கள். குசினியில் ஒரு தட்டு விழுந்து உடைய, அவன் சட்டென்று எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றான். கைகள் நடுங்கின. அம்மா எழும்பி அவனிடம் போனார்.

"ஒண்டுமில்லை அப்பு, ஒண்டுமில்லை," என்று தமிழிலேயே சொல்லி அவன் முதுகைத் தடவினார். அவன் குனிந்து அம்மாவின் தோளில் நெற்றியை வைத்தான். நடுக்கம் அடங்கும்வரை அம்மா அசையாமல் நின்றார்.