மெஹருன்னிசா டீச்சரின் கிணற்றில் உப்பு

அன்று காலை கைபேசியில் மெஹருன்னிசா டீச்சரின் பெயர் வந்தபோது நான் எடுக்கவில்லை. அடித்து ஓயட்டும் என்று அடுப்படியிலேயே நின்றேன். கடைசியில் கேட்டேவிடப் போகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தது. எடுத்தால் அவர் மகள் ஷகிலா. முந்தின நாள்தான் நாகூரிலிருந்து வந்திருந்தாள். "டீச்சர், உம்மா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க" என்று அழுதாள். நான் அழுவதற்கு முன்னால் ஒரு கணம், இனி அவர் கேட்க மாட்டார் என்று எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது.

திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் டீச்சரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவர் அறிவியல், நான் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் எலுமிச்சை, கறிவேப்பிலை, குண்டுமல்லி, மருதாணி, நந்தியாவட்டை. கீரைப் பாத்தி போடலாமே என்று ஒருமுறை சொன்னேன். "வருஷா வருஷம் வெதச்சுப் புடுங்குற செடி எனக்கு வேணாம் டீச்சர். நட்டா எனக்கப்புறமும் நிக்கணும்" என்றார்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன் என்றால் முதல் நாளே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு மார்கழியில் அவர் மல்லிகைக்குக் கவாத்து செய்வதைப் பார்த்து, "ஐயோ, செத்துப்போயிரும் டீச்சர்!" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் கத்திவிட்டேன். முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, மிச்சம் இருந்த இலைகளையும் உருவிப் போட்டிருந்தார். கத்தரிக்கோலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். "செடிக்கும் கொஞ்சம் பயம் காட்டணும். அப்பத்தான் பூக்கும். உங்களுக்கும் யாராவது கவாத்து பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்." சித்திரையில் அந்தச் செடியில் பறித்த பூ எங்கள் தெருவுக்கே போதுமானதாக இருந்தது.

அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், தண்ணீருக்கு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. தினமும் காலையில் உறைக்கிணற்றில் முதல் வாளியை இழுத்ததும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் செடிக்கு ஊற்றுவார். "நல்ல தண்ணி மேல படுத்திருக்கு டீச்சர், அடியில உப்பு. வாளியில மெதுவா மொண்டா அதுக்குத் தெரியாது. ஆழத்துல மோட்டார வச்சு உறிஞ்சினா அடியில கெடக்குறது எந்திரிச்சு வந்துரும்" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்!

இரண்டு வருடத்துக்கு முன், கோடையில், அவர் ஷகிலாவின் பிரசவத்துக்காக நாகூர் போனார். எங்கள் ஆழ்துளைப் போரில் தண்ணீர் குறைந்து மாடித் தொட்டி அரைகுறையாகத்தான் நிரம்பியது. வீட்டில் ஒரே சண்டை. போர் வண்டியை வரவழைத்தேன். "இன்னும் ரெண்டு பைப்பு எறக்கிடவாம்மா?" என்றார் போர்க்காரர். டீச்சர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும், "எறக்குங்க" என்றேன். ஊர் திரும்பிய டீச்சர் மதிலோரம் வந்து, "புதுசா போர் போட்டீங்களா டீச்சர்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "இல்ல டீச்சர், பழசத்தான் சுத்தம் பண்ணேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. தினமும் காலையில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, அவர் விரல் நாக்குக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த கோடையில் ஒருநாள் அவர் துப்பினார். வாளியைக் கவிழ்த்தார். ஒரு வாரம் கழித்து எலுமிச்சை இலை ஒன்றோடு என் வாசலுக்கு வந்தார். "ஓரமெல்லாம் பொசுங்கியிருக்கு பாருங்க. எலுமிச்சைதான் முதல்ல சொல்லும். என்னவா இருக்கும் டீச்சர்?" என்று என் முகத்தையே பார்த்தார். "வெயிலா இருக்கும் டீச்சர்." இலையை விரலில் ஒருமுறை திருப்பினார். "வெயிலாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்துச் செடிகளுக்குச் சுமந்தார். அறுபத்தாறு வயதில், இடுப்பில் குடத்தோடு, ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு நடப்பார். அவரைக் கொண்டுபோனது அந்தக் குடங்கள்தானோ என்ற எண்ணம் ராப்பகலாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து ஷகிலா நாகூருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்தாள். "நீங்க பாத்துக்கிட்டாத்தான் உம்மாவுக்குத் திருப்தி" என்றாள். அந்தச் சாவியை வாங்கக் கை கூசியது. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தவள் கிணற்றடியில் நின்று, "தண்ணி எப்படி இருக்கு டீச்சர்?" என்றாள்.

"கரிக்குதும்மா" என்றேன். "என் போராலதான். ரெண்டு பைப்பு கூட எறக்குனேன். உம்மா கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "உம்மாவுக்குத் தெரியும் டீச்சர். வண்டி வந்த அன்னிக்கே நம்ம தெருவுலேருந்து போன் வந்துருச்சு. நான் சண்டைக்குக் கெளம்புனேன். 'அவங்க பயந்த சுபாவம், அவங்களே வந்து சொல்லுவாங்க, பொறு'ன்னுட்டாங்க. போன்ல பேசுறப்பல்லாம் கேப்பேன், சொன்னாங்களான்னு. இன்னும் இல்லைம்பாங்க. கடைசியா அந்த முந்தின நாள் ராத்திரியும் கேட்டேன்."

அந்த எலுமிச்சை இலையை அவர் ஏன் கொண்டுவந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

மோட்டாரைக் கழற்றிவிட்டேன். எலுமிச்சை போய்விட்டது. மல்லிகையும் கறிவேப்பிலையும் ஐப்பசி மழைவரை தாங்குமா, மழை பெய்தாலும் உப்பு இறங்குமா, எனக்குத் தெரியாது. டீச்சரிடமிருந்து எனக்கென்று இருப்பது, கடைசி இரவும் என்மேல் நம்பிக்கை வைத்து அவர் சொன்ன அந்த 'இன்னும் இல்லை'தான். அதை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இதை எழுதுகிறேன்.

டீச்சர், சொல்லிட்டேன்.