வாட்சைப் பார்த்ததும் மெதுவாகத் தைத்தவர்

ஒரு காலத்தில் நூறு மீட்டர் உலக சாதனைகளையே கையில் பிடித்த ஸ்டாப் வாட்சில்தான் அளந்தார்கள். எங்கள் பனியன் கம்பெனியில் நானும் அப்படியொரு வாட்சோடுதான் அலைகிறேன். ஒரு பீஸ் தைக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து தையல் லைனுக்கு டார்கெட் போடுவது என் வேலை.

புதிதாகச் சேர்ந்த செல்வியை இன்று மதியம் பக்கத்தில் நின்று அளந்தேன். முப்பது நொடி.

"காலையில தூண் ஓரமா நின்னு பாத்தேனுங்க. பதினெட்டுல முடிச்சீங்களே?"

மெஷினை நிறுத்தினார்.

"காலேஜ்ல நூறு மீட்டர் ஓடுனவளுங்க. என் ரெக்கார்டை இன்னும் யாரும் உடைக்கல. வாட்சைப் பாத்தாலே வேகம் தானா வருமுங்க. அடக்கிக்கிட்டுத்தான் தெச்சேன்."

"ஏனுங்க?"

"அங்க வேகமா ஓடுனா எனக்கு மெடலுங்க. இங்க வேகமாத் தெச்சா அதுவே எல்லாருக்கும் டார்கெட். பக்கத்து மெஷின் அக்காளுக்கு இப்பவே கை நடுங்குது. டார்கெட் முடிக்கலைன்னு நிறுத்திட்டா அவங்க எங்க போவாங்க?"

அந்தப் பதினெட்டை நான் காலையிலேயே மேனேஜருக்கு அனுப்பியிருந்தேன்.

மேனேஜரிடம் போய் மாற்றச் சொல்லிக் கேட்டேன். "எடுத்த டைம் எடுத்ததுதானுங்க" என்றார்.

திரும்பி வந்தபோது லைன் போர்டில் புது டார்கெட் ஏறியிருந்தது. செல்வியும் அதைப் பார்த்தார். அந்த அக்கா தைக்க வேண்டிய துணிக்கட்டிலிருந்து பாதியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு முழு வேகத்தில் தைக்க ஆரம்பித்தார்.

பீஸுக்குப் பதினெட்டு நொடி, எங்கள் கம்பெனியில் இது புது சாதனையாம். வாழ்த்துச் சொல்ல நினைப்பவர்கள், தயவுசெய்து அந்த அக்காவிடம் நேரில் சொல்லுங்கள். எனக்குத் தைரியம் வரவில்லை.